சிப்பி ஏறாத மலை

நியூயோர்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் 1913இலிருந்து ஓர் ஒய்ஸ்டர் பார் நடக்கிறது. ரயிலைத் தவறவிட்டவர்களும், வீட்டுக்குப் போக மனமில்லாமல் வேண்டுமென்றே தவறவிடுகிறவர்களும் அங்கே உயரமான ஸ்டூலில் ஏறிக் குந்துகிறார்கள். ஐஸில் பரப்பிய பச்சைச் சிப்பியில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து, ஒரே உறிஞ்சலில் உள்ளே தள்ளுகிறார்கள். இலங்கை மலைநாட்டில் நம்ம வட்டகொடையை ரயில் தொட்டது அதற்கும் 28 வருடம் முன்னால், 1885இல், நானுஓயாவரை பாதை நீண்டபோது. நியாயப்படி உலகத்தின் முதல் ரயில்வே ஒய்ஸ்டர் பார் நம்ம ஊரில்தான் திறந்திருக்க வேண்டும். ஸ்டேஷன் இருந்தது, பசி இருந்தது, காசோடு தோட்டத் துரைமார் இருந்தார்கள். இல்லாமல் போனது கடல் ஒன்றுதான். அதுவும் பெரிய குறையில்லை. இலங்கை ஒரு தீவு. எந்தப் பக்கம் உருட்டிவிட்டாலும் கடலில்தான் போய் விழ வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் வரவில்லை? சரித்திரப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. பரீட்சைக்கும் வராது. ஆகவே பயமில்லாமல் படிக்கலாம்.

பழியைப் போட முதலில் ஓர் ஆள் வேண்டும். பிரெடெரிக் நோர்த்தைப் பிடிப்போம். 1798இல் வந்து இறங்கிய முதல் ஆங்கிலேய ஆளுநர். ஆளுக்குக் கிரேக்கப் பைத்தியம். கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்து ஞானஸ்நானமே வாங்கிக்கொண்டவர். மன்னார்க் கடலில் முத்துச்சிப்பி விளைகிறது, கஜானா நிறைகிறது என்று கேள்விப்பட்டதும் அரிப்புக் கடற்கரையில் கிரேக்கத் தூண் வைத்து ஒரு பங்களா கட்டினார். முத்துக்குளிப்பு, அதாவது சலாபம், நடக்கும் மாதங்களில் அங்கே உட்கார்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கோடிக்கணக்கில் சிப்பி கரையேறும் இடத்தில், கடலைப் பார்த்தபடி மேசை போட்ட மனிதர் இவர். இலங்கையின் முதல் ஒய்ஸ்டர் பாருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்தப் பங்களாவை இன்று போய்ப் பார்த்தால் உடைந்த சுவர்தான் மிச்சம். மீதியையும் கடல் தவணை முறையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊர்ச்சனம் அதற்கு வைத்த பெயர் அல்லிராணிக் கோட்டை. கட்டியவர் நோர்த், பெயர் அல்லிக்கு. கடைசிவரை கல்யாணமே செய்யாத மனிதரின் வீட்டுக்கு, ஆண்வாடையே ஆகாத ராணியின் பெயர். மன்னார்ச் சனம் தெரிந்துதான் வைத்திருக்கிறது.

சலாபம் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபிக்கரை என்று நாலு திசையிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடம் மூச்சடக்கி, கையில் அகப்பட்டதைக் கூடையில் அள்ளி, கயிற்றை இழுத்தால் மேலே. சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்று ஒரு மந்திரவாதி. வெள்ளைக்கார அரசாங்கம் சுறாவுக்கு மந்திரம் ஓதச் சம்பளம் கொடுத்தது என்றால் நம்பமாட்டீர்கள், கொடுத்தது. மந்திரம் ஓதாவிட்டால் குளியாள் தண்ணீரில் இறங்கமாட்டான், குளியாள் இறங்காவிட்டால் வருமானம் இல்லை. பகுத்தறிவு எல்லாம் வருமானம் வரும்வரைதானே.

கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று உயிரைக் கொடுத்துக் குளித்தவனுக்கு. அரசாங்கக் கூறு சாயங்காலம் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர் அதைத் தின்றாரா? அங்கேதான் கதையே கெட்டது. வேலி அடைத்த கொட்டுக்குள் குவித்து, ஒரு வாரம் அழுகவிட்டு, ஈ மொய்த்துப் புழு நெளிந்த பிறகு வள்ளத்தில் போட்டு அலசி, அடியில் தங்கும் தூசுக்குள் முத்தைத் தேடினார். சில்லறை வியாபாரமும் உண்டு. குளியாள் தன் கூறிலிருந்து பத்துப் பன்னிரண்டு சிப்பியைக் கடைத்தெருவில் விற்பான். ஆசைப்பட்டவன் அங்கேயே கத்தியால் பிளந்து பார்ப்பான், லொத்தர் சுரண்டுகிற மாதிரி. டசின் கணக்கில் சிப்பி, கையில் கத்தி, சுற்றிக் கூட்டம். ஒய்ஸ்டர் பாருக்கு வேண்டிய சகலமும் இருந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை. உலகம் முழுக்கச் சதையைத் தின்றுவிட்டு மிச்சத்தை எறிவார்கள்; அரிப்பில் சதையை ஈக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மடியில் முடிந்தார்கள்.

1906இல் அந்த நாற்றத்துக்கு நடுவே மரிச்சுக்கட்டியில் வேலைபார்த்த இளம் அதிகாரி ஒருவரின் பெயர் லெனார்ட் வுல்ஃப். பின்னால் வர்ஜினியா வுல்ஃபின் கணவரானவர். அழுகிய சிப்பிக் குவியலைச் சகித்துப் பழகியவருக்கு லண்டன் இலக்கியக் கூட்டங்கள் பெரிய சோதனையாக இருந்திருக்காது.

1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார், சிப்பி விளையும் கடலடித் திட்டான 'பார்' எல்லாம் ஆராய. உடன் ஜேம்ஸ் ஹோர்னெல். பல தொகுதியில் அறிக்கை எழுதிய பிறகு ஹெர்ட்மன் கண்டுபிடித்துச் சொன்னது இது: முத்து என்பது நாடாப்புழுக் குஞ்சின் சமாதி. சிப்பிக்குள் புகுந்து செத்த புழுவைச் சுற்றி அது பூசிய பூச்சுத்தான் ராணிமார் கழுத்தில் தொங்குகிறது. பின்னால் வந்த விஞ்ஞானிகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நகைக்கடைக்காரர் எவரும் இந்த அறிக்கையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததாகவும் தெரியவில்லை. அந்தப் புழு முழு வளர்ச்சி அடைவது சிப்பி தின்னும் திருக்கையின் வயிற்றில் என்றும் அவர் நினைத்தார். புழு விஷயம் எப்படியோ, திருக்கை சிப்பி தின்பது உண்மை. சேவல் பார், பெரிய பார் என்று மன்னார்க் கடலின் அத்தனை பாருக்கும் நாள் தவறாத வாடிக்கையாளர் திருக்கைதான். பில் கொடுக்காத வாடிக்கையாளர்.

அரசாங்கம் 1906இல் அந்தப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு லண்டன் கொம்பனியிடம் கொடுத்தது. முந்தின வருடம் அள்ளிக்குவித்த விளைச்சல். கொம்பனி வாயெல்லாம் பல்லாக வந்தது. 1907க்குப் பிறகு சிப்பிகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. துரைமாரிடம் வேலைநிறுத்தம் செய்து முழுசாக ஜெயித்தது இந்தத் தீவில் சிப்பி மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இத்தனை கூத்தும் நடந்த அதே மன்னார்க் கரையில்தான் நம்ம பாட்டன்மாரும் வந்து இறங்கினார்கள். 1820களில் கோப்பிக் காலத்தில் தொடங்கிய வரவு. தோணியை விட்டு இறங்கியதும் கங்காணி சொன்னது ஒன்றே ஒன்று: நட. மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழி, காய்ச்சல், வாந்திபேதி, கரடி. வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. செடிக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடக்கிறது என்று சொல்லிக் கூட்டிவந்தவர்கள், மூட்டை மூட்டையாய் முத்துச்சிப்பி ஏலம் போகும் கரையோரத்தைத் தாண்டித்தான் கூட்டிப்போனார்கள். 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி போனது. பாட்டன் போன வழி. இந்தத் தடவை தண்ணீர்ப் போத்தலோடு.

அவர்கள் மலையேறிய பிறகு துரைக்குப் பசித்தது.

துரையின் ஊரில் சிப்பி ஏழைச் சாப்பாடு. டிக்கன்ஸ் 1830களில் எழுதிய பிக்விக் நாவலிலேயே சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் இதைக் கவனித்துச் சொல்வான்: ஏழைத் தெருவாகப் பார்த்துத்தான் சிப்பிக் கடை இருக்கிறதென்று. வண்டிச்சில்லுக்குப் பக்கத்தில் நின்று, வினாகிரி தெளித்து, அப்படியே விழுங்கிவிட்டுப் போவது. அளவுக்கு மீறி அள்ளி, கடலடி வறண்ட பிறகுதான் அது கனவான் சாப்பாடு ஆனது. நியூயோர்க்கில் இன்னும் ரசமான கதை. தோமஸ் டவுனிங் என்ற கறுப்பினத்தவர் 1825இல் பங்குச்சந்தைப் பக்கம் சிப்பிக்கடை போட்டார். மேலே வங்கிக்காரர்கள் சிப்பி உறிஞ்சிக்கொண்டிருக்க, கீழ் நிலவறையில் தெற்கிலிருந்து தப்பி ஓடிவந்த அடிமைகள் ஒளிந்திருந்தார்கள் என்கிறார்கள். நம்ம கங்காணியின் கடையிலும் நிலவறை ஒன்று இருந்திருக்கலாம். தப்பி ஓடியவர்களை ஒளிக்கவல்ல, பிடித்து அடைக்க.

சரி, துரையின் பசி. ரயிலுக்கு முந்தின காலத்தில் மாட்டுவண்டிதான் கதி. டின்னில் அடைத்த இறைச்சி, டின்னில் அடைத்த மீன், டின்னில் அடைத்த சிப்பி. அமெரிக்காவில் பால்டிமோர் என்ற ஊர் சிப்பியை டின்னில் அடைத்தே பணக்கார ஊரானது. அந்த டின்கள் உலகம் சுற்றின. விக்டோரியா காலத்து விருந்தின் கடைசியில், சிப்பியைப் பன்றி இறைச்சித் துண்டால் சுற்றி வாட்டி, 'குதிரையேறிய தேவதைகள்' என்று ஒரு பலகாரம் வைப்பார்கள். சிப்பி கிடைக்காவிட்டால் உள்ளே காய்ந்த பழத்தை வைத்துச் சுற்றுவது. அதற்குப் பெயர் 'குதிரையேறிய பிசாசுகள்'. மலையில் தேவதைக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஆகவே பங்களாக்களில் பெரும்பாலும் பிசாசுதான் குதிரையேறியிருக்கும் என்பது என் ஊகம். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கேட்டிருந்தால், பிசாசு குதிரையேறித்தான் காலையில் மலைக்கு வருகிறது என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

ரயில் வந்த பிறகு கொழும்பு ஐஸும் மேலே ஏறியது. ஐஸ் இருந்தால் அறக்குளா வரும், இறால் வரும். தெற்கே பெந்தோட்டை றெஸ்ட்ஹவுஸ் அந்தக் காலத்தில் சிப்பிக்குப் பேர்போனது. கடலோரம் போன வெள்ளைக்காரர் அங்கே இறங்கி ஒரு பிடி பிடிக்காமல் போனதில்லை. ஆனால் பெந்தோட்டையிலிருந்து வட்டகொடைக்கு வருவதென்றால், கரையோர ரயில், பிறகு மலைநாட்டு ரயில், சிங்கமலைச் சுரங்கம், நாலாயிரம் அடிக்கு மேல் ஏற்றம். அத்தனையும் தாண்டி ஸ்டேஷனில் இறங்கினால் காத்திருப்பவர் தப்பால்காரர்.

இந்தச் சரித்திரத்தின் கதாநாயகன் அவர்தான். துரையின் கடிதம், பாண், இறைச்சி, மீன் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துத் தலையில் தூக்கி, ஸ்டேஷனிலிருந்து பங்களாவரை ஏறியவர். ஐஸ் உருகி, மீன்தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, கம்பளிக்குள் ஊறி, முதுகில் காய்ந்திருக்கும். பங்களா வாசலில் இப்படி நடந்திருக்க வேண்டும்:

"என்ன தப்பால், மீன் நாறுது?"

"மீன் நல்லாத்தான் இருக்குங்க தொர. நாறுறது நாந்தானுங்க."

கடல் நேராக வராததால் ஆற்றைத் திருத்தப் பார்த்தார்கள். 1880களில் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் மீன் முட்டையைக் கப்பலில் ஏற்றி வந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். பக்குவமாய், குளிர் கெடாமல், செல்லமாய்ப் பயணம் செய்த முட்டைகள். அதே காலத்தில் மனுசர் வந்த தோணியோடு இதை ஒப்பிட வேண்டாம், மனசு கெட்டுப்போகும். மீன்பிடிக்கென்று ஒரு கிளப்பும் வைத்தார்கள். அங்கே துரைமார் நாள் முழுக்கத் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். கொழுந்துமலையில் யாராவது அப்படி நின்றால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான்.

இனி உண்மையான கடலுணவுக்கு வருவோம். மலைக்கு ஏறிய ஒரே கடல் கருவாடு. அதற்கு ஐஸ் வேண்டாம், அவசரம் வேண்டாம், பெட்டிகூட வேண்டாம், சாக்கு போதும். கட்டா, நெத்தலி, கூனி இறால், கொஞ்சம் வசதி இருந்தால் மாசி. பெரியகங்காணியின் கடையில் கடனுக்குக் கிடைக்கும். சம்பள நாளில் கணக்கப்பிள்ளை வாசிக்கும்போது, நெத்தலி திமிங்கிலமாக வளர்ந்திருக்கும். திருப்பிக் கேட்க முடியாது. எழுதியவர் அவர், படித்தவர் அவர், நிறுத்த தராசும் அவருடையது.

கட்டாக் கருவாட்டைப் பொரிக்கும் விதம் ஒன்று உண்டு. முதலில் சுடுதண்ணீரில் போட்டு உப்பை இறக்க வேண்டும். முழுக்க இறக்கிவிடக் கூடாது, சோற்றுக்கு உப்பு அதிலிருந்துதான் வர வேண்டும். பிறகு விறகடுப்பில் தாச்சி, கொஞ்சமாய் எண்ணெய், நடுவிலே கீறிய பச்சைமிளகாய், வட்டமாய் அரிந்த வெங்காயம். துண்டின் ஓரம் சுருண்டு செம்பட்டை நிறத்துக்கு வரும்போது முதல் புகை கிளம்பும். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சந்தும் உண்டு. முதல் காம்பராவில் போட்ட கருவாடு கடைசிக் காம்பராவுக்கு ஒரே நிமிடத்தில் போய்ச் சேரும். இன்றைக்கு யார் வீட்டில் என்ன, யாருக்குக் கைக்காசு வந்தது, யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று கேட்கவே தேவையில்லை. மெனு அட்டை காற்றிலேயே வரும். அழைப்பும் இஸ்தோப்பிலிருந்தே வரும்: "ஏ மச்சான், ரொட்டிய எடுத்துக்கிட்டு வா, தொட்டுக்க இருக்கு." சட்டை போடவேண்டியதில்லை, முன்பதிவு இல்லை, டை இல்லை. நுவரெலியா ஹில் கிளப்பில் இராச்சாப்பாட்டுக்கு டையும் கோட்டும் வேண்டும், இல்லாதவருக்கு இரவல் கொடுப்பார்கள். லயத்தில் இரவல் கொடுப்பது கருவாடு. எது நாகரிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த லயத்துக் கருவாட்டுக் கடைக்கு விடுமுறையும் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயமே சைவம். அந்த நாட்களில் கருவாட்டு வியாபாரி அம்மனைக் கும்பிடுவதில் மற்றவர்களைவிடத் தீவிரமாக இருப்பார்: சீக்கிரம் காப்பறுக்கட்டும் தாயே. 1970களின் நடுவில் இன்னொரு விதமான சைவம் வந்தது. மாசி இல்லை, மா இல்லை, அரிசி இல்லை. தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். அதைப்பற்றிச் சிரிக்க என்னிடம் எதுவும் இல்லை.

சிப்பியை மறந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். முத்துச்சிப்பி வேறு, நம் களப்புகளில் கிடைக்கும் தின்னும் சிப்பி வேறு. தின்னும் சிப்பிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். ஆமாம், மெட்ராஸ்தான். பெயரிலேயே பூர்வீகம் ஒட்டியிருக்கிறது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பாட்டன் பிறந்த பத்திரம் எங்கே என்று நம்மைக் கேட்டார்கள். இல்லை என்றதும் நாடற்றவர் ஆக்கினார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, அஞ்சேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று கூறு போட்டார்கள். அரிப்பில் சிப்பிக்குப் போட்ட மாதிரியே. கடைசி ஆளுக்கும் குடியுரிமை என்று சட்டம் வர 2003 ஆனது. மெட்ராஸ் சிப்பியிடம் மட்டும் எவரும் பத்திரம் கேட்கவில்லை. புத்தளம் பக்கத்துக் களப்பில் அதை இன்று ஹோட்டல்களுக்காக வளர்க்கவே செய்கிறார்கள். அடுத்த பிறவி என்று ஒன்று இருந்தால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிகிறதல்லவா?

இன்றைய நிலவரம் சுருக்கமாக. கொழும்பில் சிப்பிக்கும் நண்டுக்கும் குறைவில்லை. வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் கடற்கரை மணலிலேயே மேசை போட்ட பீச் வாடிய. கோட்டையில் ஒல்லாந்தர் கட்டிய பழைய ஆஸ்பத்திரிக்குள் 2011இல் கிரிக்கெட் வீரர்கள் மஹேலவும் சங்கக்காரவும் சமையற்காரர் தர்ஷன் முனிதாசவோடு சேர்ந்து திறந்த மினிஸ்ட்ரி ஒஃப் கிராப். அதுவரை நம் களப்பு நண்டில் நல்லதெல்லாம் சிங்கப்பூருக்குப் போய், அங்கே மிளகாய் நண்டாகிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது இங்கேயே, எடைக்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். இரண்டு கிலோவைத் தாண்டினால் 'கிராப்சில்லா'. அதன் விலையை ஒரு கொழுந்துக்காரியின் நாள் சம்பளத்தால் வகுத்துப் பார்க்கும் வேலையை உங்களிடம் விடுகிறேன். 2024இல் அந்தச் சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது.

வட்டகொடைக்கு இன்னமும் ஒய்ஸ்டர் பார் வரவில்லை. ரயிலில் இஸ்ஸோ வடை வருகிறது. பருப்பு வடையின் நடுவில் மீசையோடும் தலையோடும் ஓர் இறால், படுத்துக் கிடக்கும். சுற்றித் தரும் தாள் யாரோ பிள்ளையின் கொப்பியிலிருந்து கிழித்தது. கணக்கு பிழை, சிவப்பு மையில் ரீச்சரின் கோடு. இறாலைக் கடிக்க ஒரு வாய், மீசையைத் துப்ப ஒரு ஜன்னல். நியூயோர்க்காரர்களிடம் இந்த ஜன்னல் வசதி இல்லை.

கொழும்பில் கடலுணவுக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கடையானாலும் சரி, தட்டைக் கொண்டுவந்து வைக்கிற தம்பியிடம் ஊர் எது என்று கேளுங்கள். முதலில் "நுவரெலியாப் பக்கம்" என்பார். விடாமல் கேட்டால் தோட்டத்தின் பெயர் வரும், டிவிசன்வரை வரும். பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும்; அதை நம்பாதீர்கள். காசாக, கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.